மில்லுக்காரம்மாவின் பதினொரு தடைகள்

ஒரே ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒரு கண்மாய்க்கரையையே சுத்தம் செய்த ஆள், கறம்பக்குடிப் பக்கம் மில்லுக்காரம்மா ஒருவர்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் மடித்தேன். போர்வெல் லாரியில் ஒரு வருடம் படுத்துக் கிடந்தேன். அப்புறம் கிடைத்தது இந்தக் கணக்கெடுப்பு வேலை. உடற்பயிற்சியைப் பற்றி மக்கள் என்ன நம்புகிறார்கள், செய்யவிடாமல் எது தடுக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு டிக் அடிக்க வேண்டும். முதல் நாளே மாவு மில்லில் மாட்டிக்கொண்டேன்.

மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் அந்தம்மா. அவர் ரகசியம் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. நடக்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரையே மிரட்டுகிறவருக்கு உலகத்தில் பயம் என்றால் அந்த ஊசி ஒன்றுதான்.

உடற்பயிற்சி செய்தால் உடம்பு நன்றாகும் என்று நம்புகிறீர்களா, முழுவதுமா, ஓரளவா, இல்லவே இல்லையா என்று முதல் கேள்வியை வாசித்தேன்.

"நடந்து பாக்காம எப்புடித் தம்பி சொல்றது? அரைச்சுப் பாக்காம மாவு நைசுன்னு சொல்லுவேனா? அத அப்புடியே விடு."

அடுத்தது தடைகள். இடமில்லை, துணையில்லை, விளக்கில்லை, நாய்த் தொல்லை, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று பதினொன்று. பதினொன்றுக்கும் ஆமாம் போட்டார். நடக்க இருந்த ஒரே இடம் கண்மாய்க்கரை. அதிலும் சீமைக்கருவேல முள். எல்லாம் முடிந்ததும், இதையெல்லாம் சரிபண்ணத்தானே எழுதுகிறாய் என்று கேட்டார். படிவம் முடிந்தால் போதுமென்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற தாள் எதுவானாலும் அது மனுதான். மறுநாளே படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து மில்லில் வைத்துவிட்டார். டிக் அடிக்காத பெண்களுக்கு மாவு கிடையாது. புட்டு மாவுக்கு வந்தவர்களும் மிளகாய்த்தூளுக்கு வந்தவர்களும் தும்மிக்கொண்டே கைநாட்டு வைத்தார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அறுபது படிவங்களோடு என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

புரட்டிப் பார்த்த அதிகாரி, இது ஆராய்ச்சித் தாள், மனு இல்லை என்றார்.

"வீடு தேடி வந்து, கால்ல என்ன முள்ளுன்னு கேட்டீங்கள்ல சார்? முள்ள எடுக்கலைன்னா எதுக்குக் கேட்டீங்க?"

மெதுவாகப் பேசச் சொன்னார் அதிகாரி. மெதுவாகத்தான் பேசுகிறார் என்று நான் விளக்கினேன்.

இரண்டு வாரத்தில் பொக்லைன் வந்து கருவேலத்தைப் பிடுங்கிப் போட்டது. விளக்குக் கம்பமும் வந்தது. நாய்க்கு மட்டும் யாரும் வரவில்லை. அதுகளுக்கு இவரே பொறை ரொட்டி போட்டு, துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அறுபது பெண்கள் சேர்ந்து நடக்கும்போது சிரிக்கக் கரையில் யார் நிற்பார்கள்?

ஆறு மாதம் கழித்து இரண்டாம் சுற்றுப் படிவத்தோடு போனேன். சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம்.

"மொதக் கேள்விய விட்டுவச்சோம்ல, இப்ப எழுது. முழுசா நம்புறேன்."

தடைகள் பதினொன்றுக்கும் இல்லை போட்டார். பிறகு என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒரு ஊர்ல நெலையா இருக்க ஒனக்கு என்ன தம்பி தடை?"

தங்க இடமில்லை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிக் அடித்துக்கொண்டார்.

மில்லுக்குப் பின்னாலிருக்கும் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.