சவரக்கத்திக்குக் கூர் பார்த்த மருமகன்

பெண் வீட்டில் குடியிருக்கும் மருமகன் மூன்று வேளையும் தின்னலாம், பகலில் குறட்டை விடலாம், குழம்பில் உப்பு இல்லை என்று முகத்தைத் தூக்கலாம். கெட்டிக்காரத்தனம் மட்டும் காட்டக் கூடாது. எங்கள் கல்முனைப் பக்கம் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். போன முதல் மாதமே நான் மாமியின் கேஸ் அடுப்பைத் திருத்தப் போனேன். (புருவம் முளைத்துவிட்டது, அந்தக் கதை வேண்டாம்.) அதற்குப் பிறகு ஒரு பல்பு மாற்றக்கூட மாமி என்னை விடவில்லை. "நீங்க இரிங்க மருமகன், ஆள் கூப்பிடுவம்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மனைவி நஸ்ரின் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு முடிவெடுத்தேன். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் தலைமுடி இறக்குவோம் அல்லவா, அதற்கு வழக்கம்போல ஊர் நாவிதரான ஒஸ்தா மாமா வரத் தேவையில்லை. பிள்ளையின் வாப்பாவான நானே இறக்குவேன், அதுவும் சவரக்கத்தியால். பேரப்பிள்ளையின் தலையையே நம்பி என்னிடம் தந்துவிட்டால், பல்பைத் தராமல் இருக்க முடியுமா?

கட்டாரிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் கத்தியும் தீட்டுக்கல்லும் தோல்பட்டியும் கொண்டு வந்து தந்தான். எனக்கு உஸ்தாத், யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன். கத்தியைத் தீட்டுவது பெரிய காரியமில்லை, தீட்டியபின் கூர் பார்ப்பதுதான் வித்தை என்று அவன் சொன்னான். நான் அதை அப்படியே நம்பினேன்.

முதல் பரீட்சை கைமுடி. தீட்டுவேன், வழித்துப் பார்ப்பேன், திருப்தி வராது, மறுபடி தீட்டுவேன். இரண்டு கிழமையில் என் இடக்கை உரித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. பிறகு வலக்கை. பிறகு கால்கள்.

"என்னங்க இது, முடியெல்லாம் எங்க போன?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"ஒபிஸ்ல ஏசி ஒத்துக்கல்ல" என்றேன். (வாய்க்கு வந்த பொய். அவள் நம்பியதுதான் ஆச்சரியம்.)

தாடியைத் தவிர உடம்பில் வழிக்க இடம் தீர்ந்ததும் மேற்படிப்புக்குப் போனேன். நீளமான தலைமுடி ஒன்றை ஒரு நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தியின் விளிம்பில் மெல்ல வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது. தானாக அறுந்து விழுந்தால் கத்தி தேறியது. என் முடி அரை அங்குலம். ஆகவே தினமும் நஸ்ரினின் சீப்பிலிருந்து இரண்டு முடியை உருவிக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வேன். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியில் வைப்பேன். முடிவைத் தாளில் குறித்து, அந்தத் தாளிலேயே முடியையும் மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொள்வேன். அவ்வளவு ஒழுங்காக நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இன்றைக்கு டொக்டர்.

மகள் பிறந்தாள். ஆறாம் நாள் என் சேட்டைத் துவைக்க எடுத்த மாமியின் கையில் அந்தப் பொட்டலம் அகப்பட்டது. எனக்கு அது தெரியாது.

மருமகனை மருந்து போட்டு மயக்கிவிட்டார்கள் என்று பெண் வீட்டாரைத்தான் ஊர் கதைக்கும். மருமகன் பெண் வீட்டுக்குச் செய்வினை செய்ததாக எங்கள் தெருவில் பெயர் எடுத்த முதல் ஆள் நான்தான்.

ஏழாம் நாள் காலை. கத்தியைப் புதுத் துவாயில் சுற்றிக்கொண்டு, எல்லாரும் அசந்து போகப் போகிறார்கள் என்ற நினைப்பில் ஹோலுக்கு வந்தேன். அங்கே மாமா, பள்ளிவாசல் லெப்பை, ஒஸ்தா மாமா மூவரும் இருந்தார்கள். மாமி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். நடுவில் மேசையில் என் பொட்டலம்.

"இது ஆருட முடி மருமகன்?" என்றார் மாமி.

"நஸ்ரின்ட."

"அல்லாஹ்வே! வாயால செல்லிட்டாரே!"

லெப்பை தாளை விரித்து வாசித்தார். "ஒன்று, அறவில்லை. இரண்டு, வளைந்தது. மூன்று, அறவில்லை. நான்கு, அறுந்தது, அல்ஹம்துலில்லாஹ்." கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி ஒரு மந்திரத்த நான் எந்தக் கித்தாபுலயும் காணல்லயே."

"அவர்ர கையப் பாருங்க லெப்பை" என்றார் மாமா. "தனக்குந்தான் செஞ்சிக்கிட்டாரு போல."

மாமி அழத் தொடங்கினார். "என்ட புள்ளைய இனி இவரோட இரிக்க விடமாட்டன். இவரு அவர்ர உம்மா ஊட்டுக்கே போகட்டும்."

பெட்டியும் கையுமாக உம்மாவின் வாசலில் நிற்கும் என்னை நானே பார்த்துவிட்டேன். "கூர் பார்த்தன் மாமி! புள்ளைக்கு முடி இறக்க!" என்று கத்தி, துவாயை உதறினேன். கத்தி பளிச்சென்று வெளியே வந்தது. மாமி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலே தலை நீட்டினார்கள்.

அறைக்குள்ளிருந்து நஸ்ரினின் குரல் வந்தது. "அப்ப ஏசி ஒத்துக்கல்லண்டது?"

லெப்பைதான் அங்கே நீதவான். "சரி தம்பி, ஒருக்கா அறுத்துக் காட்டுங்க."

பொட்டலத்திலிருந்து ஒரு முடியை எடுத்தேன். ஃபேன் காற்றில் அது பறந்தது. ஃபேனை நிறுத்தினார்கள். அப்போதும் முடி ஆடியது. அத்தனை பேரும் குனிந்து அதன்மேல் மூச்சு விட்டார்கள். விளிம்பில் வைத்தேன், வளைந்தது. இன்னொன்று, வழுக்கியது.

ஒஸ்தா மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதால பூசினிக்கா வெட்டலாம் தம்பி."

மூன்று மாத உழைப்பு! ரோசம் தலைக்கேறியது. "இப்ப பாருங்க!" என்று கத்தியைக் காதடியில் வைத்துத் தாடியில் ஒரு இழுப்பு இழுத்தேன். சர்ரென்று ஒரு கைப்பிடித் தாடி லெப்பையின் மடியில் போய் விழுந்தது. கத்தி முதல் தரத்தில் தேறிவிட்டது.

முதலில் மாமிதான் சிரித்தார், கண்ணீர் காயுமுன்னே. எனக்கு உயிர் வந்தது, மானம் போனது. ஒஸ்தா மாமா தன் பிளேடால் பத்து நிமிஷத்தில் மகளின் தலையை இறக்கினார். அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். அடுத்து அதே கதிரையில் நான் உட்கார்ந்தேன். மிச்சத் தாடியையும் வழித்துச் சமப்படுத்த வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் கழித்து இரண்டாவது பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து மாமி, வீட்டிலிருந்த எனக்குப் போன் எடுத்தார். "என்ன மாமி, ஆம்புளப் புள்ளையா, பொம்புளப் புள்ளையா?" என்று பதறினேன்.

"அத பொறகு செல்றன். முதல்ல அந்தக் கத்தி எங்க இரிக்கெண்டு செல்லுங்க மருமகன்."

அலுமாரியைத் திறந்து, கத்தியை மாமாவிடம் ஒப்படைத்து, அவர் போனை வாங்கி "கெடச்சிட்டு" என்று சொன்ன பிறகுதான், எனக்கு மகன் பிறந்திருக்கிறான் என்று தெரிந்தது.