இருட்டுக்கு நாள் குறித்த மைத்துனருக்கு

அன்புமிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கண்களையும் என் இரத்தக் கொதிப்பையும் விட்டுவிட்டால் இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்துக்கு என்ன குறை இருக்கப்போகிறது? உலகம் என்றைக்கு முடியும் என்று தெரிந்து வைத்திருப்பவர் தாங்கள். போனில் பேசினால் அக்கா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். லீவு லெட்டர் என்று சொல்லியிருக்கிறேன். அவளால் படிக்கத்தான் முடியாதே. எங்கள் லாரி கிளீனர் இதை இன்றே தங்கள் கையில் சேர்ப்பார்.

இந்த இலையுதிர் காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமையோடு மூன்று நாள் இருட்டு வந்து உலகம் முடியும் என்றும், இலைகள் இந்த வருடம் முன்னதாகவே கொட்டுவதுதான் அதற்கு அடையாளம் என்றும் அவளிடம் சொன்னீர்களாம். நான் யார்? இந்த நகரசபையில் இலை அள்ளும் லாரி ஓட்டுகிறவன். வருஷா வருஷம் அது விழுகிறது, நான் அள்ளுகிறேன், மழைக்கு முன்னால் சாக்கடை மூடியில் ஒட்டிக்கொண்டதைக் கையால் பிய்த்து எடுக்கிறேன். இந்த வருடம் குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டி மரத்து வேரையெல்லாம் வெட்டிப் போட்டார்கள். வேரை வெட்டினால் இலை கொட்டாமல் பூவா பூக்கும்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

உன் பேச்சைக் கேட்டு உன் அக்கா செய்த ஏற்பாட்டைக் கேள். (இனி ‘தாங்கள்’ எல்லாம் எனக்கு வராது.) குளிக்கிற அறை முழுக்கத் தண்ணீர் டிரம், நான் ஒற்றைக் காலில் நின்று குளிக்கிறேன். சோபா நிறைய மெழுகுவத்தி, தீப்பெட்டி. அலமாரி கொள்ளாமல் டின். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் திறந்தால், கதவுக்குப் பூசுகிற வார்னிஷ். அடுத்ததும் வார்னிஷ். அந்த வரிசையே வார்னிஷ். தேன் என்று நினைத்து வாங்கினாளாம். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. டின் மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கதவுப் படம் போட்டிருக்கிறது, அது அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுக்காரரை நான் என்று நினைத்து, ஏன் இவ்வளவு நேரம், வந்து சாப்பிடுங்க என்று அதட்டியிருக்கிறாள். அந்த மனுஷரும் பயந்துபோய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அன்றைக்குப் பட்டினி.

இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி, ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார். எந்த நாள்? நீ குறித்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள். இவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா?

“எல்லாருக்கும் இருட்டுதானே வரப்போகுது. எனக்கு மட்டும் கண்ணு எதுக்கு?”

அடேய், அவளுக்கு ஆபரேஷன்னாலே நடுக்கம்டா. ஒளிஞ்சுக்க ஒரு மூலை தேடிக்கிட்டிருந்தா, நீ உலகத்தையே முடிச்சுக் கொடுத்துட்ட. அவ கண்ணு போச்சுன்னா உன்னை நான் சும்மா விடுவேனா? நீ மட்டும் போன மாசம் பல்லு கட்டிக்கிட்டியாமே, அஞ்சு வருஷ உத்தரவாதத்தோட? உலகம் முடியப்போறவனுக்கு எதுக்குடா பல்லு?

ஆகவே, இது கண்டதும் அக்காவைக் கூப்பிட்டு, நான் சொன்னதெல்லாம் உளறல், உலகம் இருந்த இடத்திலேயேதான் இருக்கும் என்று உன் வாயால் சொல். சொல்லாதவரை என் வீட்டு வாசலை மிதிக்காதே.

உலகம் உள்ளவரை தாங்களும் குழந்தைகளும் குறைவின்றி வாழ ஆசிகள். அதாவது நெடுங்காலம்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு,
அத்தான்

பி.கு.: மேலே சொன்னது எதையும் செய்து தொலைக்காதே. கவரை ஒட்டப்போகும்போது, லீவு எதுக்கு என்று கேட்டாள். என்ன தோன்றியதோ, உன் தம்பி போன் பண்ணினான், இருட்டு வசந்த காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டதாம், அந்த மூன்று நாளும் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுக்கிறவர்கள்தான் பிழைப்பார்களாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சோபாவையே தடவிக்கொண்டிருந்தாள். “அப்போ கண்ணு வேணுமே” என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள், அதே சனிக்கிழமையே கிடைத்துவிட்டது. சாயங்காலம் உன்னைப் போனில் கேட்பாள். வசந்த காலம் என்று அடித்துச் சொல். வேண்டுமானால் இன்னும் இரண்டு அடையாளம் சேர்த்துக்கொள். கட்டுப் பிரிக்கும்போது தம்பி எதிரே நிற்கணும், அந்தப் புதுப் பல்லை முதல்ல பார்க்கணும் என்கிறாள். வந்து நில். நன்றாகச் சிரி.