ரப்பர் கையின் நாடி

அன்று சாயங்காலம் அவர் தீர்மானமாக முடிவெடுத்துவிட்டார். இனிமேல் நடப்பதில்லை!

அவருக்கு வேலை, நாடி பார்க்கும் பட்டைகளைச் சோதிப்பது. மணிக்கட்டில் கட்டினால் பட்டை தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சும். ரத்தம் ஓடுகிற ஓட்டத்துக்குத் தக்கபடி திரும்பி வருகிற வெளிச்சம் கூடும், குறையும். அதுதான் நாடிக் கணக்கு. ஊசியில்லை, வலியில்லை. வலியெல்லாம் வீட்டில்தான். தினமும் வேகமாக நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததும், மனைவி அவர் கையில் ஒரு பட்டையைக் கட்டி, சாய்வு நாற்காலியிலிருந்து கிளப்பி விரட்டிவிட்டாள். நாடி அவள் போனில் தெரியும். உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வார்.

ஆலையில் பட்டைகளைச் சோதிக்க ஒரு ரப்பர் கை உண்டு. உள்ளே குட்டிப் பம்பும் சிவப்புத் தண்ணீரும். நூற்றுப்பத்தில் வைத்தால் நூற்றுப்பத்து துடிக்கும். அதை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிவந்து, அடுத்த தெரு சலூனில் உட்கார்ந்து, பட்டையை அதற்குக் கட்டினார்.

"யார் கைங்க இது?" சலூன்காரர் பதறினார்.

"என் கைதான். இன்னிக்கு எனக்குப் பதிலா அது நடக்கும்."

உட்கார்ந்தாரே தவிர, இருப்புக் கொள்ளவில்லை. பம்பு நின்றுவிடுமோ? எழுந்து பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. போன் அடித்தது.

"நடக்கிறீங்களா?"

"ஆமா... மூச்சு வாங்குது," என்று வாயால் ஊதினார்.

"அதிர்ச்சி ஆகக் கூடாதேன்னு நாடியப் பாத்துக்கிட்டே சொல்றேன். உங்க சாய்வு நாற்காலியப் பழைய சாமான்காரருக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன்."

"ஐயையோ! என்னடி சொல்றே?"

"நூத்திப்பத்து. அசையவே இல்லையே! உங்களுக்கும் சம்மதம்தான் போல."

"வயிறு எரியுதுடி!"

"அப்பவும் நூத்திப்பத்துதான். சரி, வண்டியில ஏத்திக்கிட்டிருக்காங்க, வெச்சிடறேன்."

இருபது வருஷத்து நாற்காலி! அவர் முதுகுக்கென்றே குழிந்த நாற்காலி! ரப்பர் கையைப் பையில் திணித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினார்.

வாசலில் வண்டியைக் காணோம். கூடத்தில் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. மனைவி பையிலிருந்து ரப்பர் கையை எடுத்து, பட்டையை அவிழ்த்தாள்.

"நிஜக் கைய நீட்டுங்க."

நீட்டினார். கட்டினாள்.

"நூத்தி நாப்பது. இதுதான் என் புருஷன் நாடி. அந்த நூத்திப்பத்து அரை மணி நேரமா ஒண்ணு ஏறல, ஒண்ணு இறங்கல. என் குரலக் கேட்டும் ஏறலைன்னா அது நீங்களா?"

அவர் மூச்சு வாங்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்கத்தானே பிடிக்கல? ஓட்டம் நல்லாத்தான் வருது. நாளைலேர்ந்து தினமும் ஆறு மணிக்கு ஒரு பொய் சொல்றேன்."