பென் டிரைவைப் பிடுங்கிய பிறகும் ஓடுகிற பெட்டி

மதிப்பிற்குரிய பெரிய சகலை அவர்களுக்கு,

சின்ன சகலை கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் கொடுத்த பெட்டி மட்டும் சௌக்கியமா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை, அதற்கும் தெரியவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "சகலை, ஒரு பிரச்சினை" என்று வாயெடுத்தாலே நீங்கள் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். இந்தத் தடவை அதைத்தான் செய்யவே கூடாது. கடிதமென்றால் உங்களால் குறுக்கே பேச முடியாது. ஆகவே முழுக்கப் படித்து முடிக்கும்வரை யோசனை எதுவும் சொல்ல வேண்டாம், மனதுக்குள்கூட.

நமக்குப் பெண் கொடுத்த புண்ணியவதியான அத்தை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் குளவிகளைப் படமெடுத்து வருவது உங்களுக்குப் புதிதல்ல. மாமியாரைக் குளவி என்று சொல்கிற மருமகன்கள் உலகத்தில் ஏராளம். மாமியார் குளவி பின்னால் கேமராவோடு ஓடுகிறார் என்று சொல்லக்கூடியவர்கள் நாம் இருவர்தான். ஜன்னல் கம்பியில், கதவிடுக்கில், என் ஹெல்மெட்டுக்குள், எங்கே மண் உருண்டை ஒட்டினாலும் அங்கே அத்தை முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஹெல்மெட்டை நான் மழைக்காலம் முழுக்கப் போடவில்லை. வருஷக்கணக்கில் சேர்ந்த படங்கள் பழைய போன்களிலும் கார்டுகளிலும் சிதறிக் கிடந்தன. "மாப்பிள்ளை, எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு, டிவியில நெனைச்சப்ப பாக்கற மாதிரி ஏதாவது பண்ணித் தாங்களேன்" என்று அத்தை கேட்டார். ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிவிட்டு அரைநாள் ஓய்வெடுக்கிற ஆசாமி நான். ஆனாலும் மாமியார் கேட்டால் எந்த மருமகன் தெரியாது என்று சொல்வான்? உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், செங்கல் கனத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும், நகத்தளவு பென் டிரைவையும் கொடுத்து, "டிஸ்க் பூரா படத்துக்கு. பெட்டி எழுந்திருக்கிறது இந்தப் பென் டிரைவாலதான். இது இல்லேன்னா எழுந்திருக்காது, பத்திரம்" என்றீர்கள். அப்போது நான் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை.

முதல் நாள் அதை எழுப்பியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி ஆன் செய்ததும் டெலீட் பொத்தானை விடாமல் தட்டினேன், கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி. நீலத் திரை வந்து, யார் பேச்சை முதலில் கேட்பது என்று வரிசை காட்டியது. அதில் பென் டிரைவ் கடைசியில் இருந்தது, வீட்டில் நான் இருக்கிற இடத்தில். அதைத் தூக்கி முதலில் போட்டேன். வாழ்க்கையில் ஒருவனையாவது முன்னுக்குக் கொண்டுவந்த திருப்தி. பிறகு கறுப்புத் திரையில் எழுத்துகள் அருவியாகக் கொட்டின. ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் புரியாத ஒன்று நமக்காகவே இவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறதே என்று நான் கைக்குட்டையைத் தேடினேன். ஊதினால் பறக்கிற அந்தத் துணுக்குக்குள்ளிருந்து ஒரு பெட்டி கண்விழிக்கிறது! உங்கள் மைத்துனி எட்டிப் பார்த்து, "என்னங்க, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? நம்ம பொண்ணு பொறந்தப்பகூட நீங்க பார்க்கிங் ரசீதைத்தானே தேடிட்டிருந்தீங்க" என்றாள். படங்களெல்லாம் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. அத்தை பழைய கார்டுகளை உடனே துடைத்து அழித்து, புதுக் குளவிகளுக்கு இடம் பண்ணிக்கொண்டார். ஆக, உலகத்தில் அந்தப் படங்கள் இருக்கிற ஒரே இடம் செருப்பு அலமாரி மேலுள்ள நம் பெட்டி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூச்சி ஆராய்ச்சி செய்கிற பேராசிரியை ஒருவர் அத்தையைப் பேசக் கூப்பிட்டார். அத்தை போய்ப் பேசி, கைதட்டல் வாங்கித் திரும்பினார். வந்த பேராசிரியர்கள் எப்படியெல்லாம் வாயைப் பிளந்தார்கள் என்று அவர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி சாதாரணமாகக் கேட்டாள்:

"ஏம்மா, படத்தை எதுல போட்டு எடுத்துட்டுப் போன?"

"அந்தப் பெட்டி முன்னாடி ஒரு பென் டிரைவ் சும்மா நீட்டிக்கிட்டு இருந்துச்சே, அதுலதான்."

"அதுல ஏற்கெனவே ஏதோ இருந்திருக்குமே?"

"இருந்துச்சு போல. லேப்டாப்புல சொருகினதும் அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. மரியாதையா கேக்குதேன்னு சரின்னுட்டேன்."

"இப்ப அது எங்க அத்தை?" என்றேன். என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது.

"அந்தப் பேராசிரியைப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டேன் மாப்பிள்ளை. ராத்திரி பிளேன்ல போறேன்னுச்சு. நம்ம பேரைப் போட்டு எழுதப் போகுதாம். அடுத்த மாசம் எல்லாப் படத்தையும் பாக்க நேர்ல வருது."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன் சகலை. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், டிவியில் குளவி மண் குழைத்துக்கொண்டிருக்கிறது! பெட்டியின் பச்சை விளக்கு துடிக்கிறது! பென் டிரைவ் ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கிறது, பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரைக் கேட்டேன். "எழுந்திருக்கறப்பவே எல்லாத்தையும் மெமரில ஏத்திக்கிச்சு சார். இப்ப மனப்பாடத்துல ஓடுது. கரண்ட் போச்சுன்னா மறந்துடும், அப்புறம் எழுப்ப ஆளில்ல" என்றார். "படமும் மறந்துடுமா?" என்றேன். "பெட்டியைப் பாக்காம சொல்ல மாட்டேன் சார்" என்று டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறவர்களை எங்கள் ஆபீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இப்படி ஒரு தப்பும் செய்யாமல் ஓடுகிறவனை இதுவரை கண்டதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது. யாரும் செருப்பு அலமாரி அதிர நடப்பதில்லை. ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தேன், அந்த யூபிஎஸ்ஸை நம்ப முடியாமல் அதையும் காவல் காக்கிறேன். இஸ்திரிப் பெட்டிக்குத் தடை போட்டதால் நான் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போகிறேன். வீட்டில் ஏதோ சண்டை என்று பேசிக்கொள்கிறார்களாம். காலையில் எழுந்ததும் பெட்டியில் காதை வைத்துப் பார்க்கிறேன். கொர் என்று அமைதியான சத்தம். கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அத்தைதான் மனசைப் பிசைகிறார். முக்காலியை எடுத்து வந்து பெட்டியின் எதிரில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நேற்றுக் கேட்டார்: "சமையலறை ஜன்னல்ல ஒருத்தி, கூடு உடைய உடைய நாலஞ்சு தடவை கட்டினாளே மாப்பிள்ளை, அவளும் இதுக்குள்ளதானே இருக்கா? போயிடுவாளா?" நான் எழுந்துபோய் யூபிஎஸ் வயரை இன்னொரு தடவை அழுத்திவிட்டு வந்தேன்.

ஆகவே சகலை, இந்தக் கடிதம் கண்டதும் எந்த வேலையிருந்தாலும் போட்டுவிட்டு, புதுப் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்துகொண்டு உடனே புறப்பட்டு வரவும். பெட்டி அணையாதபோதே ஏதாவது செய்துவிட வேண்டும். நீங்கள் வரும்வரை என் உயிரைக் கொடுத்தாவது அதை அணையாமல் பார்த்துக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்; அவர்கள் பென் டிரைவ் எதையும் தொடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இஸ்திரி போடாத உங்கள் சின்ன சகலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் போய்வந்தேன். அந்தச் சின்ன நேரத்தில் வீடு நிசப்தமாகிவிட்டது. கொர் இல்லை. பச்சை விளக்கு இல்லை. பெட்டியின் பக்கத்தில் அத்தை, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நிற்கிறார்.

"யாரு அணைச்சது?" என்றேன்.

"நான்தான். பெட்டியோட பக்கவாட்டு ஓட்டை வழியா ஒருத்தி மண்ணோட உள்ள போயிட்டா மாப்பிள்ளை. ஃபேன் சுத்துது, றெக்கையில பட்டுடும்."

"அத்தை, உங்க படமெல்லாம்..."

"தெரியும்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ உசுரோட இருக்காளே."

   பெட்டிக்கு நான் போட்ட கும்பிடையெல்லாம் திருப்பி எடுத்து அத்தைக்குப் போட வேண்டும் போலிருந்தது. நான், என் மனைவி, அத்தை மூன்று பேரும் அலமாரி எதிரே குனிந்து, டார்ச் அடித்து, ஓட்டை வழியாகப் பார்த்தோம். டிஸ்க்கின் மேல் பட்டாணி அளவுக்கு ஈர மண். அவள் உருட்டி உருட்டி வைக்கிறாள்.

ஆகவே உடனே புறப்பட வேண்டாம். குஞ்சு வெளியே வந்த பிறகு சொல்லியனுப்புகிறேன். அதுவரை பெட்டியை யாரும் திறக்கக் கூடாதென்று அத்தை உத்தரவு. வரும்போது பென் டிரைவ் வந்தால் வரட்டும், கேமராவுக்குப் பெரிய கார்டு ஒன்று அவசியம் வாங்கி வரச் சொன்னார். இருந்த கார்டு இப்போதே பாதி நிறைந்துவிட்டதாம்.