‘ஆல்தோ’வால் வந்த வினை

அன்பும் பொறுமையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாததைத் தவிர இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலமும் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

நிற்க. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் பதவிக்கு நேர்காணல், அதுவும் இங்கிலீஷில் என்று உங்கள் தங்கை சொன்னதும், நல்ல மனதோடு அவளை ஆன்லைன் இலக்கண வகுப்பில் சேர்த்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘வினையடைத் துணைவாக்கியம்’ என்ற பாடம் வந்ததிலிருந்து எனக்கு என் சலவைக் கடையில்தான் நிம்மதி. வாக்கியத்துக்கு வால் முளைக்குமாம். எப்போது என்று சொல்ல ஒரு வால், எங்கே என்பதற்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று, நிபந்தனைக்கு ஒன்று. வீட்டில் பேசிப் பழகச் சொன்னாராம் டீச்சர். வீட்டில் இருப்பது நான் ஒருத்தன்தானே! “எப்ப வந்தீங்க?” என்கிறாள். “அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் ஆயிடுச்சும்மா” என்கிறேன். “நான் கேட்டது காலம், நீங்க சொல்றது காரணம். ‘வென்’ போட்டுச் சொல்லுங்க.” சொல்லி முடிக்கிறவரை சாப்பாடு வராது, மச்சான்.

அதையும் பொறுத்துக்கிட்டேன். போன ஞாயிறு எங்க கல்யாண நாள். அவ வார்டு நர்ஸுங்க எல்லாம் வந்திருந்தாங்க. அவளைச் சந்தோஷப்படுத்தணும்னு துணி தேய்ச்சுக்கிட்டே ஒரு வாக்கியம் தயார் பண்ணி வச்சிருந்தேன். ‘நீ என் மனைவி என்பதால் உன்னை நேசிக்கிறேன்.’ ‘பிகாஸ்’ போட்டா வேலை முடிஞ்சுது. எழுந்து நின்னேன், தொண்டையைச் செருமினேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, பார்த்ததும் அந்த ‘பிகாஸ்’ எங்கேயோ ஓடிப்போச்சு. கைக்குக் கிடைச்ச வாலைப் பிடிச்சு இழுத்துட்டேன். “ஆல்தோ யூ ஆர் மை வைஃப், ஐ லவ் யூ!” அதாவது, நீ என் பொண்டாட்டியா இருந்தும்கூட உன்னை நேசிக்கிறேனாம்! அவங்க சிரிச்ச சிரிப்புல கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். சரிக்கட்டலாம்னு, நீ தலைமை நர்ஸ் ஆனாலும் என் அன்பு மாறாதுன்னு சொல்லப்போய், “ஐ வில் லவ் யூ அன்டில் யூ பிகம் ஹெட் நர்ஸ்”னு முடிச்சேன். ஆகிறவரைக்கும்தான்னு அர்த்தமாம். “அப்போ இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா”ன்னு ஒரு சின்ன நர்ஸ் சொல்லிடுச்சு.

எல்லாரும் போனப்புறம் அவ அழுதா, மச்சான். “நான் படிக்கிறது உங்களுக்குக் கேலியா போச்சா?”ன்னு கேட்டா. இல்லம்மான்னு சொல்லக்கூட வாய் வரல. திறந்தா எந்த வால் வெளியே வருமோன்னு பயம். அன்னையிலிருந்து பேச்சே இல்ல. இன்னிக்கு நேர்காணல். நான் தேய்ச்சு வச்ச யூனிஃபார்மைத் தொடாம, கசங்கினதையே போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. சலவைக் கடைக்காரனுக்கு இதைவிட என்ன தண்டனை வேணும்?

ஆகவே, இக்கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, சுத்தமான தமிழில் எங்களைச் சேர்த்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் குறைந்த இலக்கணத்தோடும் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
வாய் திறக்கப் பயந்து வாழும்
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வந்துட்டா. வேலை கிடைச்சிடுச்சு, அங்கேயே சொல்லிட்டாங்களாம். பெரிய டாக்டருக்கு இங்கிலீஷ்ல பேசச் சோம்பல், அதனால முழுக்கத் தமிழ்லதான் கேட்டாராம். சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சா. சமாதானம் ஆயிட்டோம். மேலே எழுதினதெல்லாம் ரத்து, நீங்க வர வேண்டாம்.

இப்பத்தான் இன்னொன்னும் சொன்னா. இனிமே அவளுக்கு வகுப்பு தேவையில்லையாம். மீதிப் பாடத்துக்கு என் பேரைக் கொடுத்திருக்கா. மச்சான், அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.