மின்னஞ்சலுக்குப் பெற்றோர் சம்மதம்

"பெத்தவங்க யாரையாவது கூட்டியாரச் சொல்லுதுங்க ஐயா," என்றாள் சத்யா.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் நடத்தும் பிரவுசிங் சென்டரில், அறுபதைத் தாண்டிய அய்யாக்கண்ணு கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்தார்.

"எங்கப்பாரு செத்து இருவது வருசமாச்சே பாப்பா."

"பொறந்த தேதியில என்னத்தப் போட்டீங்க?"

"இன்னைக்கித் தேதிதான். காலண்டர்ல நல்ல நாளு பாத்துத்தானே வந்தேன்? இமெயிலு இன்னைக்குத்தானே பொறக்குது?"

சத்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவருக்கு இமெயிலுக்கு என்ன அவசரம்? கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வெற்றிச்செல்வன், தனக்குப் பிடித்த புவனேஸ்வரியைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டான். "நான் செத்தப்புறம் கட்டு" என்றார் இவர். இவர் உயிரோடு இருக்கும்போதே கல்யாணம் நடந்துவிட்டது. அதிலிருந்து மகன் இவர் போனை எடுப்பதில்லை. பேரன் பிறந்ததும் ஊரார் சொல்லித்தான் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மிச்சமிருந்த வழி இமெயில் ஒன்றுதான்.

சத்யா தேதியைத் திருத்தினாள். சற்றுமுன் பிறந்த பிள்ளை அதற்குள் கிழவனானதை இமெயில் நம்பவில்லை; ஆதார் கேட்டது. ஆதாரில் ஒரு வருடம், இவர் வாயால் சொன்னது வேறு வருடம். இமெயில் கணக்கு இழுத்துப் பூட்டிக்கொண்டது.

"இனிமே பெத்தவங்க சம்மதிச்சாத்தான் தொறக்குமாம். யாரு இமெயிலாவது இருந்தாக் குடுங்க, அனுப்பிப் பாப்போம்."

அய்யாக்கண்ணு மஞ்சப்பையிலிருந்து, தான் போகாத கல்யாணத்தின் பத்திரிகையை எடுத்து, அடியில் அச்சாகியிருந்த இமெயிலை மட்டும் விரலால் காட்டினார். அவருக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான்.

அனுப்பிய பிறகுதான் கேட்டார்.

"என்னன்னு பாப்பா போயிருக்கும்?"

"'அய்யாக்கண்ணு என்ற குழந்தை உங்கள் சம்மதம் கேட்கிறது'ன்னு."

அவருக்கு மானம் போயிற்று. "நான் குடுக்காத சம்மதத்த அவன் எனக்குக் குடுப்பானா? பேரனப் பாக்காமலே போய்ச் சேந்துருவேன்."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

"ஐயா, இருங்க இருங்க! சம்மதம் வந்திருச்சு," என்று கூப்பிட்டாள் சத்யா. "தாயாருங்கிற எடத்துல புவனேஸ்வரின்னு ஒருத்தங்க குடுத்திருக்காங்க. ஒங்க ஆத்தா இன்னும் இருக்காங்களா?"