பிரமிட் முறைப்படி ஓர் அம்மி

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. படித்தது எதையும் வீணாக்க மனசு வராது. அப்பா வேலை முடிந்ததும் மிஞ்சிய சிமெண்டைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் வகுப்பில் கேட்டதையெல்லாம் அப்படிக் கொண்டுவருவேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் கட்டடப் பொறியியல் மேற்படிப்பு. அந்தக் குளிர்காலம் முழுக்க, பிரமிடுகளை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதே போதையாக இருந்தது. நேராக ஒரு சாய்தளம் போட்டுக் கல்லை இழுத்தார்கள் என்கிறார்கள் சிலர். அந்தச் சாய்தளத்துக்கே இன்னொரு பிரமிட் அளவு மண் வேண்டுமே, சுற்றிச் சுற்றித்தான் ஏற்றியிருப்பார்கள் என்கிறார்கள் வேறு சிலர். ஒரு கல்லறைச் சுவரோவியத்தில் பெரிய சிலை ஒன்றைச் சறுக்குப் பலகையில் வைத்துக் கூட்டமாக இழுக்கிறார்கள்; முன்னால் நின்று ஒருவன் மணலில் தண்ணீர் ஊற்றுகிறான். அவன் என் கனவில் வருவான். (முகம் என்னுடையதாகவே இருக்கும்.)

நான் குடியிருந்தது யாழ்ப்பாணத்துக் குகன் அண்ணை வீட்டில். தை மாதம் அவர் தங்கை மேனகாவுக்குக் கலியாணம். பெண் கால் வைக்க அம்மி வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இருந்ததே ஓர் அம்மிதான். கலியாணத்துக்குக் கலியாணம் கைமாறும். அதை மண்டபம் சேர்ப்பது என் பொறுப்பு. எனக்குக் கொடுத்த ஒரே வேலை அது.

மண்டபம் குன்றின் மேல். அன்று பனி கொட்டியதில் அண்ணையின் கார் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. தெரு குன்றைச் சுற்றி வளைந்து ஏறியது. நடுவே ஒரு வெள்ளைச் சரிவு நேராக மண்டப வாசலுக்குப் போனது. பிரமிடின் இரண்டு கொள்கைகளும் என் கண்முன்னே பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன!

“ரெண்டு பேர் மாறி மாறித் தூக்கினால் றோட்டாலேயே போகலாம் தம்பி.”

“ஒரு நிமிஷம் அண்ணே. எகிப்துல இதுக்கு என்ன பண்ணியிருப்பாங்கன்னா...”

“உது அம்மி தம்பி. பிரமிட் இல்லை.”

ஆனாலும் படித்த பிள்ளை சொல்கிறான் என்று, காரில் கிடந்த தன் மகளின் பனிச் சறுக்குவண்டியை எடுத்துத் தந்தார் அண்ணை. மேலேயிருந்து உறவுக்காரர்கள், பட்டு வேட்டிக்கு மேல் குளிர்கோட்டோடு இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தார்கள். பனி சத்தமில்லாமல் விழுந்தது. எங்கோ உயரத்தில் நாதஸ்வரம். வெள்ளை மணல், முறுக்கிய கயிறு, வளைந்த முதுகுகள்... நான் ஸ்டுட்கார்ட்டிலேயே இல்லை. வண்டி ஏறியது. சத்தியமாக ஏறியது!

பாதி வழியில் மூச்சு வாங்க நின்றார்கள். அதற்குள் நான் கலியாணத்துக்கு வாங்கிக் காரில் வைத்திருந்த சோடாத் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துவந்து திறந்து, ஓவியத்தில் இருப்பவனைப் போலவே முழங்கையை உயர்த்தி, மேலே போகும் வழி நெடுக ஊற்றினேன்.

“என்னத்தை ஊத்துறீர்?”

“உராய்வு குறையும் அண்ணே!”

குறைந்தது. மொத்தமாகவே குறைந்தது. (பாலைவனத்தில் தண்ணீர் உறையாது. இது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்த விஷயம்.) மறுபடி இழுத்தபோது முதல் ஆள் வழுக்கி உட்கார்ந்தார், அவர் மடியில் அடுத்தவர், அவர் மேல் அண்ணை.

“ஐயோ, அம்மி போகுது! பிடியுங்கோ!”

அது கனவில் போவது போல அமைதியாகச் சறுக்கி, அடிவாரத்து வேலியோரம் போய்ப் பனிக்குள் அமர்ந்தது.

மேலே தாலி கட்டியாகிவிட்டது. அடுத்தது அம்மி. ஐயருக்கோ தன் கோயில் இருக்கும் ஹம் நகரத்துக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். எங்களில் தூக்கக்கூடிய இடுப்பு ஒன்றும் மிச்சமில்லை. குகன் அண்ணை அழவே தொடங்கிவிட்டார். மேனகா வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். என்ன சொல்வாளோ என்று எனக்கு உயிரே போனது.

“அண்ணை, அழுறதை விட்டிட்டு நில்லுங்கோ. நான் இறங்கி வாறன்.”

கூறைச் சேலையும் பனிச்சப்பாத்துமாக வளைவுத் தெருவில் நடந்து வந்தாள்; பின்னாலேயே மாப்பிள்ளையும் ஐயரும். மாப்பிள்ளை பனியில் முழங்காலிட்டு, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, அவள் காலை அம்மிமேல் வைத்து மெட்டி போட்டார். கல்லின் குளிரில் பெண் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“மேலே பாருங்கோ, அருந்ததி,” என்றார் ஐயர்.

எல்லோரும் அண்ணாந்தோம். வானம் முழுக்கப் பனி. ஒவ்வொன்றாக இறங்கி வந்து கண்ணுக்குள் விழுந்தது.

“தெரியுதோ?”

“ஓம் ஐயா,” என்றாள் மேனகா, கண்ணைத் துடைத்தபடி. “நிறையத் தெரியுது.”

இன்றும் அவர்கள் வீட்டுக் கலியாணம் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் நாளே குகன் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டு, பின்னால் எல்லோரும் சிரிப்பது கேட்கக் கேட்க, அதே வாக்கியத்தைச் சொல்வார்:

“தம்பி, நீர் வெறுங்கையோடை வாரும்.”